மனை வாங்குவார் வினவ வேண்டுவன
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணங் கற்பிக்கும் ஆசிரியனுக்கு மனை வாங்கும் செய்தியில் என்ன வேலையென்று தாங்கள் எண்ணக்கூடும். பழைய கிரயபத்திரங்களிற் கண்ட மாகாணி, முந்திரி முதலிய கீழ்வாயெண்களையும் சுழித்தெழுதிய கையெழுத்தையும் படித்தறிதற்கு நம்மவர் பலர் எளியேனை நாடி வருதல் வழக்கம். அவருட் பெரும்பாலார் முன்பணங் கொடுத்த பின்னரே வருகின்றனர். அதுபற்றியே இங்குச் சில சொல்லத் துணிந்தேன்.

நான்கு சென்டு, ஐந்து சென்டு எனச் சிறுமனை வாங்கிச் சேமிப்பைப் பெருக்கக் கருதுவார், "வில்லங்கம் பார்த்தாயிற்றா?" என்று கேட்கின்றனர். முப்பதாண்டு வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லையெனின் மனம் அமைகின்றனர். அச்சான்று யாது? சார்பதிவாளர் அலுவலகத்திற் பதிவானவற்றின் குறிப்பேயாம். பதிவாகாதது அதன்கண் வாராது. வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் உயில் வாராது. உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டுமென்னும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. நீதிமன்றத்தில் நடைபெறும் வழக்குப் பெரும்பாலும் வாராது. இறந்தார் விட்டுச்சென்ற வாரிசுகளின் பெயரும் வாராது.

இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். பொருள் கொடுத்துக் கற்றேன். 2011-ஆம் ஆண்டில் நகரெல்லையில் நான்கு சென்டு மனை வாங்கினேன். வில்லங்கச் சான்று தூயதாயிருந்தது. தந்தை இறந்தபின் ஆண்மக்கள் இருவரும் ஒப்பமிட்டுக் கொடுத்தனர். ஈராண்டு கழித்து நீதிமன்ற அழைப்பாணை வந்தது. அவர்களுக்கு ஒரு தமக்கையார் உண்டு. நகையிட்டு மணஞ்செய்து கொடுத்தமையால் அவர் பங்கு தீர்ந்ததென்று தம்பியர் கருதியிருந்தனர். அவர்கள் என்னை ஏய்க்கவில்லை, மெய்யாகவே அவ்வாறு நம்பினர். ஆயின் உயிலெழுதாது இறந்த தந்தையின் சுயார்ச்சிதத்தில் மகளுக்கும் மகனோடொத்த பங்குண்டென்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பிதிரார்ச்சிதத்திலும் மகளுக்கு உரிமையுண்டெனத் தமிழ்நாட்டில் 1989-இலும், இந்தியா முழுவதற்கும் 2005-இலும் சட்டம் திருந்தியது. இறுதியிற் சமாதானமாகி, என் மகளின் படிப்புக்கென வைத்திருந்த பணத்தை அவ்வம்மையாருக்குக் கொடுத்தேன். அவர் கேட்டது நியாயமே. கேளாது வாங்கிய குற்றம் என்னுடையது.

ஆதலின் விற்பாரிடம், "நும் தந்தைக்கு மக்கள் எத்துணைப் பேர்? தாயார் உளரா?" என வினவுங்கள். தாசில்தார் அளிக்கும் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதிற் கண்டார் அனைவரும் ஒப்பமிடுகின்றனரா என்று பாருங்கள். அவருள் மைனர் இருப்பின், அவர் பங்கை நீதிமன்ற அனுமதியின்றிக் கார்டியன் விற்றல் பின்னர்ச் செல்லாதாக்கப்படலாம். பெண்மக்களைப்பற்றிக் கேட்டல் மரியாதைக்குறைவென்று கூசுவாருளர். அக்கூச்சம் எனக்கு இலட்சக்கணக்கிற் செலவு வைத்தது.

பவர் பெற்றவர் விற்க வரின், பவர் எழுதிக் கொடுத்தவரை நேரிற் சென்று காணுங்கள். அவர் இறந்தால் அதிகாரமும் பொதுவாக அன்றே முடிந்துவிடும். மூலப்பத்திரத்தின் நகலை மட்டும் காட்டுவாராயின், மூலம் எவரிடம் ஈடாகக் கிடக்கின்றதோவென்று ஐயுறுதலே அறிவு.

பஞ்சாயத்துத் தலைவர் ஒப்பமிட்ட வரைபடத்தை நம்பி ஏமாந்தாரும் நம்மிற் பலர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரிற் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிதற்குத் தடைவிதித்தபொழுது விற்கவும் கட்டவும் இயலாது அவர்கள் பட்ட பாட்டைக் கண்டோம். மறுவருடம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணைக் கேட்டு, அலுவலகத்திலேயே சரிபாருங்கள். மனையை ஐப்பசி கார்த்திகையிலும் ஒருமுறை போய்ப் பார்த்தல் நன்று. சித்திரையில் எல்லா நிலமும் மேட்டுநிலமே!

ஞாயிறு மாலைகளிற் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். பத்திரத்தைப் படித்துச் சொல்ல இயலும். யான் வழக்கறிஞனல்லேன், சட்டக் கருத்துரைக்கு அவரிடமே செல்லுதல் வேண்டும். பழைய பத்திரங்களுக்கு நகல் கொணராது மூலத்தையே கொண்டுவருக. நகலில் அவ்வெழுத்துத் தெரிவதில்லை.