கொசுறாக வரும் இலை

காய் வாங்கினால் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை வரும். அதை வீட்டிலேயே வளர்க்கலாமே!

புதுச்சேரியின் காலாப்பட்டில் பல்கலைக்கழகப் பக்கம் செம்மண், அங்கே கவலையில்லை. கடலோர மணலில்தான் சத்து நிற்காது. இரண்டடிக் குழி தோண்டி, செம்மண்ணும் மட்கிய சாணமும் நிரப்புங்கள். உப்புக்காற்று நேரே அடிக்காதபடி சுவர் மறைவு வேண்டும்.

கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் வரும் 'கோனிகி', 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் கோனிக்கின் நினைவாக வைத்தது. நம் கரையோர ஊர்க்காரர் என்றே சொல்லிக்கொள்ளலாம்!

காய்ந்த விதையை நம்பாதீர்கள். கறுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே ஊன்றணும். அதைவிட, பெரிய மரத்தடியில் கிளம்பும் பக்கக்கன்றை வேரோடு பிரித்து நடுவது எளிது.

இலையை உருவாமல் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக்கிளை வெடிக்கும். புளித்த மோரில் தண்ணீர் கலந்து ஊற்றுவது பாட்டிமார் வழக்கம். பச்சைப் புழு தென்பட்டால் உடனே நசுக்காதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையாக இருக்கும். செடி பெரிதென்றால் நாலைந்தை விட்டுவையுங்கள். கன்றாக இருந்தால் மட்டும் எடுத்து எலுமிச்சை மரத்தில் விடுங்கள்.