பழைய தோணி வாங்குவோருக்கு

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள கரடியனாறு, வயலும் மாடும் நிறைந்த ஊர். அவ்வூர் உழவர் ஒருவர் எருது வாங்கச் சென்றால் விற்பவரின் சொல்லில் மயங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; சுழியை நோக்குவார்; நடக்கவிட்டுக் காண்பார். அதே மனிதர், உன்னிச்சைக் குளத்திலோ மட்டக்களப்பு வாவியிலோ மீன்பிடித்து வருவாயைச் சிறிது பெருக்கிக்கொள்ள எண்ணிப் பழைய தோணியொன்று வாங்கப் போகும்போது மட்டும், புதிதாகப் பூசிய நிறத்தைக் கண்டு மயங்கிவிடுகிறார். அடகு வைத்த நகையின் பணம் கைமாறிவிடுகிறது. எருது நோயுற்றால் பணம் போகும். தோணி நடுவாவியில் பிளந்தால் உயிரும் உடன் போகும் அன்றோ?

பழையது என்பதனால் மட்டும் ஒரு கலம் இழிந்ததாகிவிடாது. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்டு வாணிபத்தில் ஓடிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை, வில்லியம் ஆல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கினார். அக்கப்பல் 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நல்ல மரமும் தேர்ந்த கைவினையும் அமைந்த கலத்துக்கு வயது ஒரு குறையன்று.

ஆகவே, முதலிற் காணவேண்டியது கலத்தின் உடலே. தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்து, நன்கு உலர்ந்த பின்னரே பார்க்க வேண்டும். மரத்தோணியாயின் ஏராவிலும், வங்குகள் பலகையைச் சந்திக்கும் இடங்களிலும், மழைநீர் தேங்கும் மூலைகளிலும் கத்திமுனையால் மெல்ல அழுத்துக. முனை எளிதில் இறங்குமாயின் அங்கே மரம் உளுத்துவிட்டது. உவர்நீரில் கிடந்த தோணியில் கப்பற்புழுவின் சிறு துளைகளையும் தேடுதல் வேண்டும். வெளியே ஊசித்துளையாகத் தோன்றுவது உள்ளே விரலளவு குடைந்திருக்கும். கலப்பற்று நெகிழ்ந்திருப்பின் அதனைத் திருத்தலாம். ஏரா கெட்டிருப்பின் அத்தோணியை விட்டு விலகுவதே நன்று.

கண்ணாடியிழைத் தோணியை நாணயத்தாற் தட்டிப் பார்க்கலாம். கணீரென்ற ஒலி உறுதியைக் காட்டும். மந்தமான ஒலி, அடுக்குகள் பிரிந்து உள்ளே நீர் புகுந்ததைக் காட்டும். இயந்திரம் பூட்டும் பின்பலகை இன்னும் முக்கியமானது. கண்ணாடியிழையின் உள்ளேயுள்ள மரம் ஊறிப்போயிருப்பின், இயந்திரம் ஓடும் அதிர்ச்சியில் ஒருநாள் அது பெயர்ந்துவிடும்.

அடுத்தது வேகத்தின் மீதுள்ள ஆசை. 16 அடி நீளமுள்ள கனத்த மரத்தோணி, நீரைப் பிளந்து செல்லும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றரில் நின்றுவிடும். இயந்திரத்தின் வலுவை இருமடங்காக்கினும் எரிபொருட் செலவு பெருகுமேயன்றி வேகம் இருமடங்காகாது. அடி தட்டையான, எடை குறைந்த கலமே நீரின்மேல் எழுந்து விரையும். அதற்கும் உறுதியான பின்பலகை வேண்டும். வாவியோ ஆழம் குறைந்தது. நீர்த்தாவரமும் வலையும் சுழலியில் சிக்கும் இடம். அங்கே அளவான இயந்திரமே அறிவுடைமை.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் முடுக்கச் சொல்லுக. முன்னரே சூடேற்றி வைத்திருந்தால் ஐயுறுக. குளிர்விக்கும் நீர் இடையறாது வெளிவருகின்றதா என்று கவனிக்கவேண்டும். உவர்நீரில் ஓடியபின் நன்னீரால் கழுவப்படாத இயந்திரத்தின் உட்குழாய்களை உப்பு அடைத்துவிடும். பின்னர் தோணியை நீரிலிறக்கி, ஒரு மணி நேரமாவது இருவர் ஏறிச் செலுத்தி, அடியில் எவ்வளவு நீர் கசிந்துள்ளதெனப் பார்த்தல் வேண்டும். இதற்கு இணங்காத விற்பனையாளரிடம் விலை பேசுதல் வீண்.

கையிலுள்ள பணத்தை நான்கு பங்காக்கி, மூன்று பங்குக்குள் விலையை முடித்தல் நலம். எஞ்சிய பங்கு பழுது திருத்தவும் உயிர்காப்பு அங்கி வாங்கவும் உதவும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்கீழ் தோணிகள் பதிவு செய்யப்படுகின்றன. பதிவிலக்கமும் உரிமையாளர் பெயரும் ஒத்திருப்பதைக் கண்டு, உரிமை மாற்றத்தை முடித்த பின்னரே முழுப் பணத்தையும் கொடுத்தல் தகும்.

மாரிக்கு முன் எப்படியாவது ஒரு தோணி வேண்டுமென்ற அவசரமே பலரை ஏமாற்றுகிறது. வாடைக்காற்றில் வாவி கொந்தளிக்கும்போது, மலிவாக வாங்கியோம் என்ற மகிழ்ச்சி எவரையும் கரைசேர்க்காது. பொருந்திய தோணி கிடைக்கும்வரை ஒரு பருவம் பொறுத்திருப்பவனுக்கு ஒரு பருவத்து மீன் மட்டுமே நட்டம். அவன் இல்லத்தாருக்கோ ஒரு நட்டமும் இல்லை.