பார்க்க என்ன இருக்கிறது?

மேல்நாட்டுப் பட்டணத்தார் ஐப்பசி பிறந்தால், மரத்திலிருந்து இலை உதிர்வதைப் பார்க்க வார இறுதியில் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்களாம். எங்கள் வட்டகொடையில் இலையை உதிரவிட்டால் துரை சும்மா விடமாட்டார். ஆனாலும் எங்களுக்கும் உல்லாசப் பயணிகள் உண்டு.

1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதையில், தலவாக்கலையைத் தாண்டியதும் எங்கள் ஸ்டேசன். சனிக்கிழமைக் கோச்சியில் கொழும்பார் வருவார்கள். குல்லாய், மப்ளர், ஜெர்சி. மூக்கு மட்டும் வெளியே. மலை தெரிந்தால் "ஆகா!" பனி மூடினால் "அடடா!" அந்தப் பனிக்குள்தான் நம் பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுப்பார்கள். "கொஞ்சம் சிரியுங்கள்!" என்று யன்னலிலிருந்து ஒரு கமரா கேட்கும். அட்டை கடிக்கும்போது சிரிப்பது எப்படியென்று அவரல்லவா சொல்லித்தர வேண்டும்!

தீபாவளி நெருங்கினால் அதே கோச்சியில் இன்னொரு கூட்டம் வரும். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள். ஆசனங்களெல்லாம் காட்சி பார்ப்பவர்கள் முன்கூட்டியே பதிந்தவை. இவர்கள் துணிப்பொதியோடு கக்கூஸ் கதவோரம் கோட்டையிலிருந்து நின்றபடியே வருவார்கள்.

அப்படி நின்ற ஒருவனிடம் ஒரு கனவான் கேட்டார்: "தம்பி, இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?"

"அம்மா இருக்காங்க சார்" என்று பொதியோடு இறங்கினான் அவன்.