பூட்டிவிட்டுப் பணங் கேட்கும் கணிப்பொறிப் புழு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அதனைச் சிறப்புறச் செய்துவிட்டனர். நான் கணிப்பொறியைத் தாக்கும் ஒரு புழுவைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். காரணம் உண்டு. சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல் யாவும் இன்று கணிப்பொறிக்குள் கோப்புகளாகவே உறைகின்றன. போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலமே திரையைப் பார்த்து நடைபெறுகிறது. ஒரு தாளுக்காக அலுவலக வாசலில் நாள் முழுதும் நின்ற தலைமுறை இங்கே அமர்ந்திருக்கிறது. அத்தாள் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை அவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மலைத்தோட்டத்தில் பாடுபட்டவர்கள் ஏலச் செடியின் கட்டே நோயை அறிவர். இலையில் வெளிர்க் கோடுகள் விழும், செடி குன்றிப்போகும், தூரோடு பிடுங்கி அழிப்பதன்றி வேறு வழியில்லை. ஆனால் அந்நோயின் வைரஸ் தானாகச் செடிவிட்டுச் செடி தாவுவதில்லை. அசுவிணிப் பூச்சி அதனைச் சுமந்து செல்ல வேண்டும். கணிப்பொறி வைரஸும் அத்தகையதே. ஏதேனும் ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, யாரேனும் அதைத் திறக்கும்வரை காத்திருக்கும். புழு எனப்படுவது அதனினும் கொடிது. அதற்குச் சுமப்பவர் வேண்டா, திறப்பவரும் வேண்டா.

கணிப்பொறியைப் பூட்டிப் பணம் பறிக்கும் தொழில் 1989-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் தட்டு என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 பிளாப்பித் தட்டுகள் தபாலில் அனுப்பப்பட்டன. நம்பிப் போட்டவர்களின் கோப்புப் பெயர்கள் குழம்பின. 189 டாலரைப் பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு அனுப்பச் சொல்லித் திரையில் ஓலை வந்தது. அந்தத் திருடன் சாவியையும் தட்டுக்குள்ளேயே விட்டிருந்ததால் வல்லுநர்கள் எளிதில் திறந்துவிட்டனர். பின்னால் வந்தவர்கள் அத்துணை ஏமாளிகள் அல்லர்.

2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வான்னாக்ரை என்னும் புழு வெளிப்பட்டது. சில நாட்களுக்குள் ஏறக்குறைய 150 நாடுகளில் 2,00,000-க்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை பாதிக்கப்பட்டது. ஆந்திரக் காவல்துறையின் பொறிகளும், திருப்பதி தேவஸ்தானத்தின் பொறிகளும், ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகப் பொறிகளும் தப்பவில்லை. நம் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில், வயநாட்டுத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும் திரை சிவந்தது. பன்னாட்டுக் கம்பெனிக்கு ஆயிரம் பொறியாளர் உண்டு. ஒரு பஞ்சாயத்துக்கு யார் உண்டு?

அது நுழைந்த வழியைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள விண்டோஸில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. 445 என்ற எண்ணுள்ள வாயிலில் அது செவிசாய்த்துக் காத்திருக்கும். வருகின்ற செய்தியின் அளவைக் கணக்கிடுவதில் அதற்கொரு பிழை இருந்தது. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு படி கொட்டினால் மிச்சம் பக்கத்துப் பாத்திரத்தில் வழியுமல்லவா? அவ்வாறு வழியும் மிச்சத்தில் கட்டளைகளை ஒளித்து அனுப்பினால், கணிப்பொறி அவற்றைத் தன் முதலாளியின் ஆணையாகவே ஏற்றுச் செய்தது. உள்ளே புகுந்த புழு, அக்கம்பக்கத்துப் பொறிகளையும் இணையத்தில் கண்டபடி எடுத்த முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, திறந்த இடமெல்லாம் தன் படியை அனுப்பியது.

பிறகே பூட்டும் வேலை. கடிதம், படம், கணக்கு என ஒவ்வொரு கோப்புக்கும் புதிய சாவி செய்து உள்ளடக்கத்தை உருக்குலைக்கும்; அச்சாவியையும் வேறொரு சாவியால் பூட்டும். இந்த இரண்டாம் சாவி இரட்டைப் பிறவி. பூட்டும் சாவியைப் புழு கொண்டு வருகிறது; திறக்கும் சாவி திருடனிடமே தங்கிவிடுகிறது. விண்டோஸ் எடுத்துவைத்திருந்த பழைய படிகளையும் அழித்துவிட்டு, 300 டாலரைப் பிட்காயினாகக் கேட்கும்; மூன்று நாள் கழிந்தால் 600. இந்த மிரட்டல் ஓலை 28 மொழிகளில் இருந்தது. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. திருடன் கணக்கிலும் நாம் இடம்பெறவில்லை போலும்! பணம் கட்டியும் பெரும்பாலோருக்குப் பயனில்லை. மூன்றே பிட்காயின் முகவரிகளை எல்லோருக்கும் கொடுத்திருந்ததால், கட்டியவர் யார் என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

அந்தப் பிழையை முதலில் கண்டது அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று. ஊருக்குச் சொல்லாமல் தன் ஆயுதமாக வைத்திருந்தது. அது களவுபோய் 2017 ஏப்ரலில் வெளியானது. ஆனால் மைக்ரோசாப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் இருந்தும் அப்டேட் செய்யப்படாத பொறிகளே வீழ்ந்தன.

பரவலைத் தடுத்தவர் பல்கலைக்கழகம் செல்லாத 22 வயது ஆங்கிலேய இளைஞர் மார்க்கஸ் ஹட்சின்ஸ். புழு பூட்டத் தொடங்குமுன் பொருளற்ற ஒரு நீண்ட இணைய முகவரியைத் தேடுவதையும், அம்முகவரி யாருக்கும் உரிமையாகாமல் கிடப்பதையும் கண்டு, பத்து டாலர் சொச்சத்துக்கு அதைத் தம் பெயரில் பதிவு செய்தார். முகவரியிலிருந்து விடை வந்ததும் புழு வேலையை நிறுத்திக்கொண்டது. இளைஞர்களே, முன்னர்த் தீய நிரல்கள் எழுதியதற்காக 2019-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் இவரேதான். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் சங்கக் கணிப்பொறிக்கு வருகிறேன். அதில் உதவித்தொகை பெறும் மாணவர் பட்டியலும் அவர்தம் சான்றிதழ்ப் படிகளும் இருக்கின்றன. அப்டேட் கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளாமல் அன்றே செய்யுங்கள். சனிக்கிழமைதோறும் மாலையில் இருவர் அமர்ந்து எல்லாக் கோப்புகளையும் தனி வட்டில் படியெடுங்கள். எடுத்தவுடன் கம்பியைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருக்கும் வட்டையும் புழு பூட்டிவிடும். கழற்றிய வட்டைச் செயலாளர் அறைப் பீரோவில் வைத்து, நாளையும் பெயரையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.