பிறர் வைத்திருந்த பொருள், பிறர் வாசித்த பாட்டு

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமெரிக்கக் குடும்பங்களில் பரிசுப் பட்டியல் போடுவார்கள். அம்மாவுக்கு, மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு, அலுவலக நண்பருக்கு என்று பெயர்கள் நீளும். பட்டியல் போடுகிறவரின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. அந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் அங்கே உண்டு. பழைய பொருள் கடைக்குப் போய்த் தமக்கென்று சின்னதாக ஒன்று வாங்குவார்கள். வீட்டுக்கு வந்து ஜாஸ் கேட்பார்கள். இதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்கிறேன். 1902இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், வசதியானவர்களிடமிருந்து பழைய துணிமணிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் திரட்டினார். ஏழைகளுக்கு வேலை கொடுத்து, அவற்றைப் பழுதுபார்த்து விற்க வைத்தார். குட்வில் கடைகளின் தொடக்கம் அதுதான். அப்படிப்பட்ட கடையில் வாங்கும் ஒரு பீங்கான் கோப்பை இன்னொருவரின் பிழைப்புக்கும் உதவுகிறது.

அங்கே பழைய இசைத்தட்டுகளும் கிடைக்கும். தேர்ந்த கை, தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும். மேலோட்டமான கீறல் பொருட்டில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறலில் ஊசி குதிக்கும். கண்மட்டத்தில் பிடித்தால் நெளிவு தெரிந்துவிடும். இப்படி நிதானமாகப் பார்த்து எடுத்த ஒரு தட்டு, அவசரமாக வாங்கிய பத்துப் பரிசுகளைவிட நெஞ்சுக்கு நெருக்கமாகிவிடும்.

சரி, ஏன் ஜாஸ்? பிறர் வைத்திருந்த பாட்டை எடுத்துத் தனதாக்கிக்கொள்வது ஜாஸின் உயிர்நாடி. சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலே 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. 1960இல் டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் அதன் இசையைத் தங்கள் ஜாஸ் குழுவுக்காகத் திருத்தி அமைத்தார்கள். மூலத்தில் ஒரு தேவதையின் நடனத்துக்கு செலஸ்டா என்ற கருவி சின்ன மணிகளைப்போல் கிணுகிணுக்கும். எலிங்டன் குழுவில் அதே மெட்டை பால் கொன்சால்வஸின் டெனர் சாக்சபோன், இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதரின் நடையில், மெல்ல அசைந்து அசைந்து வாசிக்கிறது. மெட்டு மாறவில்லை, அதில் குடியிருக்கும் ஆள் மாறிவிட்டார்.

இர்விங் பெர்லினின் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ 1942இல் பிங் கிராஸ்பி குரலில் நாடெங்கும் பரவிய பாட்டு. 1948 கிறிஸ்துமஸ் நாளில் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் இரவு விடுதியில் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் அதை ஆல்டோ சாக்சபோனில் வாசித்தார். வானொலியில் ஒலிபரப்பான அந்த வாசிப்பு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. எல்லாரும் பாடிச் சலித்த பாட்டு அவர் மூச்சில் புதுசாகிறது.

பழைய பொருளை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் செய்வதும் இதே காரியம். அதன் பழைய வாழ்க்கையை அழிக்காமல், தன் வாழ்க்கையை அதன்மேல் தொடங்குகிறார். அதனால்தான் இவை இரண்டும் ஒரே மாலையில் இவ்வளவு இயல்பாகச் சேருகின்றன.

இதற்கு ஒரு கட்டுப்பாடும் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடை நிறைய அள்ளினால் வீட்டில் குப்பைதான் சேரும். ஒரு விடுமுறைக்கு ஒன்றே போதும். அது நெடுந்தட்டு (எல்.பி.) என்றால், அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். அந்த இருபது நிமிடமும் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஊருக்கெல்லாம் நேரம் கொடுத்துக் களைத்தவர் தனக்கும் நேரம் கொடுப்பதில் தவறே இல்லை.

தொடங்க விரும்புவோர் எலிங்டனின் ‘நட்கிராக்கர்’ தொகுப்பிலிருந்து தொடங்கலாம். சைக்கோவ்ஸ்கியின் மூலத்தை முதலில் கேளுங்கள். எலிங்டன் எதை வைத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்று உங்கள் காதே சொல்லும். அடுத்து வின்ஸ் குவரால்டி 1965இல் சார்லி பிரவுன் என்ற கார்ட்டூன் சிறுவனின் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சிப் படத்துக்காகத் தந்த பியானோ இசை. ஜாஸ் பழக்கமில்லாத காதும் அதை உடனே ஏற்றுக்கொள்ளும்.