ஆய்வகத்து மனிதர்கள்: கருத்தரங்கத் தலைமை உரை



மன உளைச்சல், பதற்றம், போதை நாட்டம் ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய முற்பட்டிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்குமாறு என்னைப் பணித்த அமைப்பாளர்களுக்கு முதற்கண் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இத்தகைய சந்தர்ப்பங்களில் தலைவராக அமர்பவர் துறையின் பூர்வ சரித்திரத்தை எடுத்துரைப்பதும், 1936-ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து ஹான்ஸ் செல்யே 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சிறு குறிப்பில் தொடங்கி, எலிகளின் அட்ரீனல் சுரப்பி பருத்ததையும் தைமஸ் சுருங்கியதையும் இரைப்பையில் புண் கண்டதையும் விவரித்து, அங்கிருந்து மூளையின் நரம்பணுக்கள் வரை சபையோரை அழைத்துச் செல்வதும் வழக்கம். அந்தச் சரித்திரத்தை நன்கறிந்தவர்களே இங்கே கூடியிருப்பதால், அதில் பெரும்பாலும் பெயர் இடம்பெறாத மனிதர்களைப் பற்றி, அதாவது இவ்வகை ஆய்வகங்களில் கூண்டைத் திறப்பவர், ஊசி போடுபவர், எச்சில் மாதிரி சேகரிப்பவர், இரவு முழுதும் நோயாளியின் அருகே அமர்ந்து அவர் விடும் கொட்டாவிகளைக் குறித்துக்கொள்பவர் ஆகியோரைப் பற்றிப் பேசுவதே தக்கதென்று எனக்குத் தோன்றியது.

வானத்து நட்சத்திரம் தன்னைத் தொலைநோக்கியால் பார்ப்பவர் சினந்திருக்கிறாரா சாந்தமாயிருக்கிறாரா என்று கவனிப்பதில்லை. நம் துறையின் நிலை வேறு. நாம் அளக்க விரும்புவது பயத்தை. பயமோ பக்கத்தில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே கூடியும் குறைந்தும் போகிறது. வெள்ளெலியின் இரத்தத்தில் ஓடும் கார்டிகோஸ்டிரோன் என்னும் சுரப்பின் இயல்பான அளவை அறிய விரும்புகிறவர், கூண்டின்மேல் கை வைத்த கணத்திலிருந்து ஏறத்தாழ மூன்று நிமிஷங்களுக்குள் இரத்தத்தை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் தாமதித்தால், தன்னைப் பிடிக்க வந்த மனிதரைக் கண்டு அப்பிராணி கொண்ட கலக்கமும் சோதனைக் குழாயில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கதவை ஓசைப்படாமல் திறந்து, பக்கத்துக் கூண்டுகள் அதிராதபடி நடந்து, ஒரே அசைவில் பிராணியைக் கையில் ஏந்தி, அது தன்னை அறிந்து அஞ்சுவதற்கு முன்னரே காரியத்தை முடித்துவிடும் ஓர் உதவியாளரின் பயிற்சியையே அந்த ஆய்வின் முடிவு ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. ஆய்வுக் கட்டுரையிலோ 'இரத்தம் சேகரிக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் அமைந்த ஒரே ஒரு வரிதான் அவருக்குக் கிடைக்கிறது.

மனிதக் கையின் ஸ்பரிசம் எவ்வளவு ஆழமாகச் செல்லக்கூடும் என்பதை 1950-களிலேயே ஸீமோர் லெவீன் என்னும் உளவியலார் கண்டார். இளங்குட்டிப் பருவத்தில் துன்பத்துக்கு ஆளான எலிகள் வளர்ந்தபின் அச்சம் மிக்கனவாக இருக்கும் என்று எதிர்பார்த்து, ஒரு கூட்டத்துக் குட்டிகளுக்கு நாள்தோறும் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தும், மற்றொரு கூட்டத்தை அதிர்ச்சியின்றி வெறுமனே கூட்டிலிருந்து எடுத்துச் சற்று நேரத்தில் திரும்ப வைத்தும், மூன்றாவது கூட்டத்தைத் தொடாமலே விட்டும் அவர் பார்த்தபோது, முதல் இரு கூட்டங்களும் ஏறத்தாழ ஒரே தன்மையவாக வளர்ந்திருக்க, யாரும் தொடாத குட்டிகளே பெரியவையானபின் மூலையில் பதுங்கிக் கிடந்தன. குட்டி திரும்பி வந்ததும் தாய் அதை நக்கிச் சீராட்டியதே இதற்குக் காரணமாகலாம் என்னும் விளக்கம் எழுந்து, அதே மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவர் தோழர்களும் 1990-களில் செய்த பரிசோதனைகளால் வலுப்பெற்றது. தாயின் பங்கு பெரிதென்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தத் தாயை நக்கத் தூண்டியது, ஒவ்வொரு நாளும் தவறாமல் வந்து குட்டியை எடுத்துத் திரும்ப வைத்த ஒரு மனிதக் கை என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிற்காலத்தில் இவ்வுண்மை சற்றுச் சங்கடமான வடிவில் மறுபடியும் நம் முன் வந்து நின்றது. 1999-ஆம் ஆண்டில் ஜான் கிராப் முதலானோர் போர்ட்லண்ட், எட்மன்டன், ஆல்பனி ஆகிய மூன்று நகரங்களில், ஒரே வம்சங்களைச் சேர்ந்த சுண்டெலிகளை, ஒரே வயதில், ஒரே வகைக் கருவிகளைக்கொண்டு, ஒரே நேரத்தில் பரிசோதித்து முடிவுகளை ஒப்பிட்டார்கள். மதுவை விரும்பும் வம்சம் எது, வெறுப்பது எது என்ற விஷயத்தில் மூன்று நகரங்களும் பெரிதும் ஒத்துப்போயின. பதற்றத்தை அளக்கும் சோதனையிலோ நகரத்துக்கு நகரம் விடை மாறியது. அச்சோதனைக்குரிய பலகை தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்பட்ட கூட்டல் குறி வடிவினது. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. அஞ்சும் எலி சுவருக்குள் ஒடுங்கும்; அச்சம் தணிந்த எலி திறந்த விளிம்புவரை வந்து கீழே எட்டிப் பார்க்கும். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் இந்தச் சிறு சோதனையை நம்பியே பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் பலவும் முதற்கண் எடைபோடப்படுகின்றன. இவ்வளவு கட்டுப்பாடுகளுக்குப் பிறகும் மூன்று இடங்களிலும் வேறுபட்டே இருந்தவற்றில் முக்கியமானது, எலியைக் கையாண்ட மனிதர்.

அது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் என்னும் இரு பெண்மணிகள், சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கும் நெடுநாள் வழக்கமே அதற்குப் பதற்றத்தை விளைக்கிறதென்றும், உள்ளங்கைகளைக் குவித்து ஏந்தியோ ஒரு சிறு குழலுக்குள் புக வைத்தோ எடுத்தால் அது மனிதரை நாடி வருகிறதென்றும் நிறுவினார்கள். 2014-இல் மக்கில் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி மோகிலின் குழுவினர், ஆண்கள் அருகிலிருந்தால், அல்லது அவர்கள் முந்தின இரவு அணிந்திருந்த சட்டையை அருகே வைத்தாலும்கூட, எலிகளுக்கு உளைச்சல் மிகுந்து, அதன் விளைவாக வலியின் அறிகுறிகளே குறைந்துபோகின்றன என்று கண்டார்கள். இதைக் கேட்டு, பழைய முடிவுகளையெல்லாம் குப்பையில் எறிய வேண்டியதுதானோ என்று மனம் சோர்வோர் உண்டு. என் அபிப்பிராயம் அதுவன்று. இதுகாறும் கணக்கில் வராதிருந்த ஒரு மனிதரை இனிமேல் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே இக்கண்டுபிடிப்புகளிலிருந்து எனக்குப் புலப்படுவது.

போதை நாட்டத்தை ஆராயும் அறைக்குள் சென்றால் அந்த மனிதரின் உழைப்பு இன்னும் தெளிவாகப் பிரத்தியட்சமாகும். எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. ஆகையால் கடிகாரத்தையே மாற்றி, பகலை அதற்கு இரவாக்கி, சிவந்த ஒளி அதன் கண்ணுக்கு அநேகமாகப் படுவதில்லை என்பதனால் மங்கிய சிவப்பு விளக்கின்கீழ்ப் பணிசெய்கிறார்கள். கழுத்து நாளத்தில் பொருத்தப்பட்ட மெல்லிய குழாய் வழியாக, நெம்புகோலை அழுத்துந்தோறும் எலி தனக்குத்தானே மருந்தைச் செலுத்திக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். அந்தக் குழாயில் இரத்தம் உறைந்துவிட்டால் பல வார உழைப்பு வீணாகிவிடும். எனவே ஞாயிறும் பண்டிகையும் பாராமல் ஒருவர் வந்து, ஹெப்பரின் கலந்த உப்புநீரைச் செலுத்தி, குழாயைக் காத்துச் செல்ல வேண்டும். ஊரெல்லாம் புத்தாடை உடுத்தியிருக்கும் நாளில் அந்தச் சிவப்பு அறையில் தனியே குனிந்து நிற்கும் இளைஞரையோ யுவதியையோ நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அவர்கள்மீது பெருமதிப்பு உண்டாகிறது.

மனிதரை வைத்து நடத்தும் ஆய்வுகளில் சிரமம் வேறு விதமானது. 1993-இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம் முதலியோர் வகுத்த ஒரு முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. தானாக முன்வந்த ஒருவர், சிறிது நேரம் ஆயத்தம் செய்துகொண்டு, தேர்வுக் குழுவினர் முன் நின்று தன்னைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். பிழை நேர்ந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய எச்சிலில் கார்டிசால் என்னும் உளைச்சல் சுரப்பு ஏறுவதை அளக்கிறார்கள். குழுவில் அமர்ந்திருப்போர் ஆய்வகத்துப் பணியாளர்களே. அவர்கள் தலையசைக்கலாகாது, புன்னகைக்கலாகாது; எதிரே ஒருவர் நாக்குழறித் தவிக்கும்போது, இயல்பாக எழும் ஆறுதல் மொழியை அடக்கிக்கொண்டு கல்லாய் அமர்ந்திருக்க வேண்டும். சுபாவத்தில் இரக்கமுள்ளவரே இப்பணிக்கு ஏற்றவர் என்பது என் துணிபு. ஏனெனில் சோதனை முடிந்த கணத்தில் எழுந்து சென்று, நடந்தது என்ன, ஏன் அவ்வாறு நடந்துகொண்டோம் என்று விளக்கி, அவர் மனம் தேறும்வரை உடனிருக்க வேண்டியவரும் அவரே.

அந்தக் கடமை மறக்கப்பட்ட காலமும் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்ஸிங்டன் நகரில் 1935-இல் திறக்கப்பட்ட, சிறையும் மருத்துவமனையும் ஒன்றாயமைந்த பெரிய ஸ்தாபனத்தில் போதை ஆராய்ச்சி பல்லாண்டுகள் நடைபெற்றது. மார்பினை நிறுத்தியபின் தோன்றும் வேதனையைப் புள்ளியிட்டு அளக்கும் முறையை ஹிம்மல்ஸ்பாக் அங்கேதான் உருவாக்கினார். கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்சு என ஒவ்வொன்றையும் விழிப்புடன் குறித்த பணியாளர்கள் இல்லாமல் அம்முறை பிறந்திராது. ஏப்ரகாம் விக்லர் அங்கேதான், போதையை விட்டு நெடுநாள் ஆன நோயாளிகள் கூட்டமாக அமர்ந்து பழைய நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவர்களுடைய கண்ணில் நீர் பெருகுவதையும் மூக்கு ஒழுகுவதையும் கவனித்து, மருந்து உடலை விட்டு நீங்கிய பிறகும் அதன் நினைவு உடலைப் பற்றி நிற்கிறதென்ற உண்மையை வெளிப்படுத்தினார். இவை அரிய பேறுகள். ஆனால் அதே இடத்தில், பரிசோதனைக்கு உடன்பட்ட கைதிகளுக்கு வெகுமதியாகப் போதைப் பொருளே வழங்கப்பட்டதும் நிகழ்ந்தது. எதனின்று விடுபட வந்தார்களோ அதனையே கூலியாகக் கொடுத்தார்கள். 1975-இல் அமெரிக்கச் செனட் சபையின் விசாரணையில் இச்செய்தி பகிரங்கமாகி, அடுத்த ஆண்டு அங்கே கைதிகள்மீதான ஆராய்ச்சி நின்றுபோயிற்று. கண்ணீரைத் துல்லியமாக எண்ணத் தெரிந்த ஓர் இடம் அக்கண்ணீர் யாருடையது என்பதை மறந்துவிட்டது எவ்வளவு துக்ககரமானது!

இதற்கு மாறான காட்சியை நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தில் 1964-ஆம் ஆண்டில் காண்கிறோம். வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர், அவர்களோடு சேர்ந்த இளம் மருத்துவர் மேரி ஜீன் கிரீக் ஆகிய மூவரும் ஹெராயினுக்கு அடிமையானவர்களை விடுதியில் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். மார்பின் கொடுத்தபோது நோயாளிகள் அடுத்த ஊசியை எதிர்பார்த்துத் தொலைக்காட்சி முன் சோம்பிக் கிடந்தார்கள். மெதடோன் என்னும் மருந்துக்கு மாற்றிய பிறகு ஒருவர் படம் வரையத் தொடங்கினார். மற்றொருவர் விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடிக்க அனுமதி கேட்டார். ஆய்வுத் திட்டத்தின் அட்டவணையில் தூரிகைக்கோ பாடப்புத்தகத்துக்கோ இடம் இருந்திருக்காது. அவற்றை ஒரு பொருட்டாக மதித்துக் கவனிக்கும் கண் அங்கே இருந்ததனால்தான், ஒரு மருந்தின் குணம் உலகத்துக்குத் தெரியவந்தது. குறுகிய நேரமே நிற்கும் ஹெராயின் உடலின் உளைச்சல் சுரப்புகளை நாள்தோறும் அலைக்கழிக்கிறது என்றும், நீடித்து நிற்கும் மெதடோன் அவற்றை நாளடைவில் இயல்பு நிலைக்குக் கொணர்கிறது என்றும் பின்னாளில் கிரீக் காட்டினார். நம் கருத்தரங்கின் தலைப்பில் உளைச்சலும் போதையும் அருகருகே நிற்பதற்கு அவருடைய ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

இவ்வளவு கவனத்தைப் பிறருக்கு வழங்குவோரைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? எலிக்குட்டியைப் பிறந்த நாள் முதல் வளர்த்து, அதன் சுபாவத்தை அறிந்து, ஆய்வின் முடிவில் தன் கையாலேயே அதன் உயிரைப் போக்க வேண்டியவரின் நெஞ்சுக் கிலேசம் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஜப்பானிய ஆய்வகங்களில் ஆண்டுதோறும் அவ்வுயிர்களுக்காக நினைவுச் சடங்கு நடத்தி, பேராசிரியர் முதல் கூடம் பெருக்குவோர் வரை அனைவரும் வந்து வணங்கும் வழக்கம் உண்டு. சமய நம்பிக்கை எவ்வாறாயினும், துயரத்தைத் துயரமென்று சபையில் ஒப்புக்கொள்வதற்கு அங்கே ஒரு நாள் இருக்கிறது. நம்மிடையேயும் அதற்கு ஒரு நாள் வேண்டும். நோயாளி மீண்டும் போதைக்குத் திரும்பிவிட்ட செய்தியை முதலில் கேட்கும் செவிலிக்கும், தொலைபேசியில் மாதந்தோறும் பழைய நோயாளிகளை அழைத்து, சில எண்களில் இனி யாரும் எடுக்கமாட்டார்கள் என்று அறிந்துகொள்ளும் உதவியாளருக்கும் ஓய்வும் ஆறுதலும் வேலையின் அங்கமாகவே கிடைத்தாக வேண்டும். அவை சலுகைகளாகக் கருதப்படலாகாது.

ஆகவே இக்கருத்தரங்கின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகள் ஒவ்வொன்றிலும், பிராணிகளைக் கையாண்டவர் எத்தனை பேர், அவர்கள் ஆணா பெண்ணா, எம்முறையில் ஏந்தினார்கள், எவ்வளவு பயிற்சி உடையவர்கள் என்பவை எழுதப்படட்டும். அவர்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில், அல்லது குறைந்தபட்சம் நன்றியுரையில், தவறாது இடம்பெறட்டும். மற்றொன்று, நாளை மாலை நடைபெறும் செயற்குழுவில், விலங்குக் கூடத்துப் பணியாளரின் விடுமுறை, மாற்றாள் ஏற்பாடு, மன நலக் கவனிப்பு ஆகியவை குறித்து ஒரு தீர்மானம் கொண்டுவரப்படட்டும். அதனை முன்மொழிய நான் சித்தமாயிருக்கிறேன். நிகழ்ச்சி நிரலின்படி முதல் அமர்வில் பேராசிரியர்கள் பேச வேண்டும். அவர்களுடைய சம்மதத்தைக் காலையிலேயே பெற்றுவிட்டேனாதலால், அந்த வரிசையை மாற்றி, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் விலங்குக் கூடப் பணியாளர்களும் செவிலியரும் தங்கள் அனுபவங்களை முதலில் எடுத்துரைக்க மேடைக்கு வருமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.