கண்ணாடி இழையின் வடிவும் ஒளியின் பிணைப்பும்



ஒளி போட்டான் எனப்படும் நுண்துகள்களாகவும் இயங்குகிறது. ஒரே நிகழ்ச்சியில் பிறந்த இரு போட்டான்களை வெவ்வேறு ஊர்களில் அளந்தாலும், முன்னரே எழுதி வைத்த விடைகளால் விளக்கவியலாத ஒற்றுமை அவற்றிடையே காணப்படலாம். இதுவே குவாண்டம் பிணைப்பு. இத்தகைய விந்தையைச் சுட்டி, குவாண்டம் கொள்கை நிறைவற்றது என்று 1935இல் ஐன்ஸ்டைனும் இரு தோழர்களும் வாதிட்டனர். பிணைப்பு மெய்யே எனக் காட்டிய சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்போட்டான்களைத் தொலைவிற்குச் சுமந்து செல்வது கண்ணாடி இழை. அதன் நடுவே ஒளி ஓடும் பகுதி, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 100இல் ஒரு பங்கே அகலமுடையது. அது முழு வட்டமாயின், ஒளி எத்திசையில் அதிர்ந்தாலும் ஒரே வேகத்தில் செல்லும். வட்டம் சற்றே நசுங்கினாலோ, இழை வளைந்தாலோ, நெடுக்கு அதிர்வும் குறுக்கு அதிர்வும் வெவ்வேறு வேகம் கொள்கின்றன. அதிர்வுத் திசை திரும்பியது மட்டுமெனில் மறுமுனையில் திருத்திக்கொள்ளலாம். ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தி வருமாயின், வந்த நேரமே அதிர்வின் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். திசையால் அமைந்த பிணைப்புத் தளர்ந்துவிடும்.

ஆய்வாளர்கள் சோர்ந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவை அடுத்து, 10 கிலோமீட்டருக்கும் அதிக இடைவெளியுள்ள இரு ஊர்களுக்குத் தொலைபேசி இழைகள் வழியே போட்டான்களை அனுப்பினர். அதிர்வுத் திசையை நம்பாது, பிறந்த நேரத்தாலும் ஆற்றலாலும் அமைந்த பிணைப்பைக் கையாண்டனர். அது நிலைத்து நின்றதை 1998இல் வெளியிட்டனர்.

பிணைப்பைத் தளர்த்தும் வடிவே அதனைப் படைக்கவும் வல்லது. 1996இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிலிப் ரசல் குழுவினர், நெடுகிலும் நுண்துளைகள் ஓடும் புதுவகை இழையைச் செய்து காட்டினர். துளையின் அளவையும் இடைவெளியையும் மாற்றினால், இழையில் ஒவ்வொரு நிறமும் செல்லும் வேகம் மாறும். தக்கவாறு அமைத்த இழையில் பாய்ச்சிய ஒளியின் இரு போட்டான்கள் மறைந்து, வேறு நிறமுடைய இரு போட்டான்கள் இணையாகப் பிறக்கின்றன.

இளைஞர்களே! பிணைப்புத் தளர்ந்தபோது குறை ஒளியில் இல்லை. அது சென்ற பாதையில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது என்று சொன்னவர்கள், நமக்கு விடப்பட்ட பாதையைப் பார்த்தார்களில்லை. 25 ஆண்டுகளாக இச்சங்கம் செப்பனிட்டு வருவது அப்பாதையையே. இயற்பியல் கடினம் என்று அஞ்சி விலகாதீர்கள். துணிந்து பயிலுங்கள், ஆய்வுக்கூடங்களின் வாயில் வரை செல்லுங்கள், உள்ளேயும் செல்லுங்கள்.